‘திடீர்’ என்னும் ஒரு சொல்

நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிய மறுநாளே அத்தீர்ப்புக்குத் தீர்ப்பு வழங்கத் தொடங்கிவிடுவது மக்கள் இயல்பு. இதனை நாம் குறையாகக் கருதவில்லை. தீர்ப்புகளைப் பற்றி வாய் திறவாத சமுதாயம் நீதியைப் பற்றியும் கவலை கொள்ளாத சமுதாயமாகவே இருக்கும். எனினும் அந்தச் சினம் எவர் வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதில் மக்கள் அடிக்கடி வழி தவறிவிடுகின்றனர். 1989-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜூரி எனப்படும் பன்னிருவர் நடுவர் குழு வழங்கிய ஒரு தீர்ப்பு இதற்குத் தக்க சான்றாகும். குடும்பத்தினுள் நிகழும் கொடுமையைச் சட்டம் எந்தக் கண்கொண்டு பார்க்கிறது என்னும் வினாவை அத்தீர்ப்பு எழுப்பியது. அவ்வினா இன்றும் நம் நாட்டில் விடை பெறாமலே நிற்கிறது. ஆகவேதான் முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வழக்கை மீண்டும் எடுத்துப் பேசுகிறோம்.

கிரண்ஜீத் அலுவாலியா பஞ்சாபில் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர். கலைப்பிரிவில் பட்டம் பெற்றுச் சட்டப் படிப்பையும் தொடங்கியவர். இம்மலரைப் படிக்கும் மாணவ, மாணவியர் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். கல்வி பெற்றுவிட்டால் பெண்ணுக்கு இக்கொடுமை நேராது என்று மேடைதோறும் பேசுகிறோம் அல்லவா? சட்டம் படிக்கத் தொடங்கியவர் குடும்பத்தாரின் வற்புறுத்தலால் படிப்பை விட்டு, 1979-இல் கனடாவில், முன்பின் பார்த்திராத ஒருவரை மணந்தார். பின்னர் இருவரும் இங்கிலாந்து சென்று கிராலி என்னும் ஊரில் குடியேறினர். இரு ஆண் மக்கள் பிறந்தனர். திருமணமான நாள்தொட்டுப் பத்தாண்டுகள் அடியும் உதையும் கொலை மிரட்டலும் தொடர்ந்தன. இருமுறை நீதிமன்றத்தை அணுகிக் கணவருக்கு எதிராகத் தடையாணையும் பெற்றார். தடையாணை தாளில் இருந்தது. அடி உடலில் விழுந்தது.

உறவினரிடம் முறையிட்டபோது கிடைத்த விடை, குடும்ப மானத்தை எண்ணிப் பொறுத்துக்கொள் என்பதே. இவ்விடத்தில் சமுதாயப் பெரியோர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. அது பஞ்சாபியர் குடும்பத்திற்கு மட்டும் உரிய விடையன்று. நம் ஊர்களில், எந்தச் சமயத்தார் வீட்டிலாயினும், அடிபட்டுத் தாய்வீடு வந்த மகளை மூன்றாம் நாள் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவைக்கும் கூட்டங்களில் நாமும் அமர்ந்திருக்கிறோம். அக்கூட்டங்களில் பெரும்பாலும் அந்தப் பெண் பேசுவதில்லை. அவளுக்காக அவள் தந்தையோ அண்ணனோ பேசுவார். அவரும் தலை குனிந்தே பேசுவார். திருப்பி அனுப்பப்பட்ட பின் என்ன நடந்தது என்று கேட்பதற்கு மற்றொரு கூட்டம் கூடியதாக நமக்கு நினைவில்லை.

1989 ஏப்ரலில் கணவர் மூன்று நாட்கள் வீட்டைவிட்டு நீங்கியிருந்தபோது கிரண்ஜீத் அவருக்கு எழுதிய மடல் ஒன்று நீதிமன்ற ஆவணங்களில் இடம்பெற்றுள்ளது. கணவர் திரும்பி வந்தால் தாம் எவற்றையெல்லாம் விட்டுவிடுவதாக வாக்களிக்கிறார் என்பதுதான் அம்மடலின் செய்தி. கறுப்புக் காப்பி குடிப்பதில்லை, பச்சை மிளகாய் உண்பதில்லை, வாரந்தோறும் கடைத்தெருவுக்குப் போவதில்லை, தோழியரை விட்டுவிடுவது, அண்டை வீட்டுக்குச் செல்வதில்லை, தலைமுடிக்குச் சாயம் இடுவதில்லை, அவருக்குப் பிடிக்கவில்லையெனில் சிரிப்பதும் இல்லை. பட்டம் பெற்ற ஒரு பெண், இரு பிள்ளைகளின் தாய், தம் கைப்பட எழுதிய பட்டியல் இது. எலும்பு முறிவுக்கு மருத்துவச் சான்று உண்டு. இப்படி ஒருவரைச் சிறுகச் சிறுக இல்லாமற் செய்ததற்கு இம்மடலைவிடப் பெரிய சான்று எதுவும் இருக்க முடியாது என்பது நம் கருத்து.

அடுத்த மாதம், மே 8-ஆம் நாள் இரவு, பணம் கேட்டு மிரட்டிய கணவர் சூடான இஸ்திரிப் பெட்டியை முகத்தருகே நீட்டி அச்சுறுத்தினார். பின்னர் உறங்கச் சென்றார். கிரண்ஜீத்துக்கு உறக்கம் வரவில்லை. நள்ளிரவு கடந்து சில மணி நேரத்தின்பின், சில நாட்களுக்கு முன் வாங்கி வைத்திருந்த பெட்ரோலை வாளியில் ஊற்றிக்கொண்டு மாடியேறிச் சென்று, உறங்கிக்கொண்டிருந்த கணவர்மீது எறிந்து தீ வைத்தார். கணவர் சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார்.

இச்செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. எரிந்து இறந்ததும் ஒரு மனித உயிரே. அவருக்கும் தாய், தந்தையர் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் தந்தை. குற்றமே இல்லை என்று எவரும் வாதிடவில்லை. எந்தக் குற்றம் என்பதே வழக்கு.

இங்கிலாந்துச் சட்டத்தில் கொலை என்று ஜூரி கூறிவிட்டால் நீதிபதிக்கு வேறு வழியில்லை. ஆயுள் தண்டனை ஒன்றே விதிக்க முடியும். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று கூறினால், வழக்கின் தன்மைக்கேற்பத் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ நீதிபதிக்கு உரிமை உண்டு. ஆதலின் ஜூரி சூட்டும் பெயரே ஒருவரின் வாழ்நாளை முடிவு செய்துவிடுகிறது. 1957-ஆம் ஆண்டின் சட்டப்படி, இறந்தவர் சினமூட்டியதால் குற்றம் சாட்டப்பட்டவர் தன்வசம் இழந்தார் என்றும், நியாய உணர்வுள்ள ஒருவர் அந்நிலையில் அவ்வாறே நடந்திருப்பார் என்றும் ஜூரி கருதினால் கொலை என்னும் பெயர் நீங்கும். கேட்பதற்கு இது நடுநிலையாகவே தோன்றுகிறது. ஆனால் தன்வசம் இழத்தல் என்பதற்கு நீதிமன்றங்கள் ஓர் இலக்கணம் வகுத்திருந்தன. அது ‘திடீரென்று, தற்காலிகமாக’ நிகழ்ந்திருக்க வேண்டும்.

இவ்விலக்கணம் பிறந்த கதை வியப்புக்குரியது. 1949-இல் டஃபி என்னும் பெண்ணின் வழக்கில் நீதிபதி டெவ்லின் ஜூரிக்கு அளித்த அறிவுரையில் வந்த சொற்கள் அவை. அந்தப் பெண்ணும் கணவனால் துன்புறுத்தப்பட்டவரே. அவரும் கணவன் படுக்கையில் இருந்தபோது கொன்றவரே. நெடுங்காலக் கொடுமை பழிவாங்கும் எண்ணத்தைத்தான் காட்டுமேயன்றித் திடீர்ச் சினத்தைக் காட்டாது என்ற போக்கில் அவ்வறிவுரை அமைந்திருந்தது. அதாவது, கொடுமை நீள நீளக் கொடுமைக்கு ஆளானவரின் வழக்கு மெலியும்! ஒருநாள் அடிபட்டவர் உடனே திருப்பி அடித்தால் அவருக்குச் சலுகை உண்டு. பத்தாண்டு அடிபட்டவர் ஒருநாள் பொறுமை இழந்தால் அவர் சதிகாரர். உடல் வலிமையில் சமமான இருவர் தெருவில் மோதிக்கொள்ளும்போது பொருந்தும் அளவுகோல் அது. கைகலப்பில் வெல்ல முடியாது என்பதைப் பல ஆண்டு அடியால் கற்றுக்கொண்ட ஒருவருக்கு அவ்வளவுகோல் எங்ஙனம் பொருந்தும்? அவர் எதிரி உறங்கும் வரை காத்திருந்ததைத் திட்டம் என்று கூறலாம். அச்சம் என்றும் கூறலாம். சட்டத்தின் காதில் முன்னது மட்டுமே விழுந்தது.

1989 டிசம்பரில் லூயிஸ் நகரக் கிரவுன் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. பெட்ரோல் முன்னரே வாங்கப்பட்டது, கணவர் உறங்கியபின் செயல் நடந்தது, கணவருக்கு வேறு பெண்ணுடன் தொடர்பு இருந்தது என்பவற்றை அடுக்கிப் பழிவாங்கல் என்றது அரசுத் தரப்பு. கிரண்ஜீத் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. அவர் கடும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தார் என்ற மருத்துவர் கருத்து விசாரணைக்கு முன்னரே இருந்தும், அது ஜூரியின் முன் வைக்கப்படவில்லை. ஜூரி கொலை என்றது. நீதிபதி ஆயுள் தண்டனை விதித்தார்.

தீர்ப்பு கேட்டு எழுந்த சினம் இயல்பானதே. ஆனால் அந்தப் பன்னிருவரைக் கல்நெஞ்சர் என்று கூறுவோருடன் நாம் உடன்படவில்லை. ஜூரி காரணம் கூறுவதில்லை; அவர்கள் அறைக்குள் பேசியதை வெளியிடுவதையும் சட்டம் தடுக்கிறது. ஆகவே அவர்கள் மனத்தில் இருந்ததை எவரும் அறியார். அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். சினம் திடீரென்று எழுந்ததா என்று கேட்டார்கள். பத்தாண்டாக எழுந்தது என்ற விடைக்கு அவ்வினாத்தாளில் இடமில்லை. கொடுமைக்கு ஆளானவர் தம் வாயால் கூறுவதைக் கேட்கும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. தேர்வில் கேட்கப்படாத வினாவுக்கு விடை எழுதவில்லை என்று மாணவனைத் தண்டிப்பது போன்றதே ஜூரியைப் பழிப்பது.

நல்வாய்ப்பாக, அச்சினத்தைச் சரியான வாசலுக்கு இட்டுச்சென்றவர்கள் இருந்தனர். இலண்டனின் மேற்குப் பகுதியான சவுத்தாலில் 1979-இல் ஆசிய, ஆப்பிரிக்க வழிப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய ‘சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்’ என்னும் அமைப்பினர் கிரண்ஜீத்தைச் சிறையில் சந்தித்தனர். புதிய வழக்கறிஞர்களைத் தேடினர். விடுபட்ட சான்றுகளைத் திரட்டினர். வெளியே பதாகை ஏந்தியும் நின்றனர். பதாகை மட்டும் ஏந்தியிருந்தால் நாளேட்டில் ஒரு படம் வந்திருக்கும். இக்காலத்தில் வெகுண்டெழும் நம் இளைஞர் பலர் முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதை மட்டும் செய்கின்றனர் என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம்.

அதே காலத்தில் நிகழ்ந்த வேறு இரு வழக்குகள் மக்கள் சினத்தை மேலும் வளர்த்தன. கணவரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்ற சாரா தார்ன்டன் என்பாரின் மேல்முறையீடு 1991 சூலை இறுதியில் தள்ளுபடியானது. அதற்கு இரண்டு நாட்களுக்குப்பின், குடிப்பழக்கமுள்ள தம் துணைவியை உதைத்துக் கொன்ற ஓர் ஆணுக்கு, ஒத்திவைக்கப்பட்ட இரண்டாண்டுத் தண்டனை மட்டுமே விதிக்கப்பட்டது. அவர் நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்கு நடந்து சென்றார். தார்ன்டன் சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். இவ்விரு செய்திகளையும் ஒரே வாரத்தில் படித்த மக்களுக்குச் சட்டநூல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

1992 சூலை 31 அன்று தலைமை நீதிபதி டெய்லர் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரண்ஜீத்தின் தண்டனையை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. செப்டம்பரில், கொலையாகாத மரணம் விளைவித்ததாக அவர் ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் ஏற்று மூன்றாண்டு நான்கு மாதத் தண்டனை விதித்தது. அது அவர் அதுவரை சிறையில் கழித்திருந்த காலத்துக்குச் சமம். அன்றே விடுதலையானார். பின்னர் தம் வரலாற்றை நூலாக எழுதினார். அது ஐஸ்வர்யா ராய் நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. அப்படம் பார்த்தவர்களில் பலர் சட்டம் கொடுமையை உணர்ந்து மனம் மாறியது என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடும். நடந்தது அதுவன்று.

சினமூட்டல் பற்றிய வாதத்தை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. காலத் தாழ்வு ஒன்றினாலேயே அவ்வாதம் அடிபட்டுப் போகாது என்று சிறிது கதவைத் திறந்தது உண்மை. ஆனால் தன்வசம் இழந்த அந்நொடி திடீரென்றுதான் வந்திருக்க வேண்டும் என்றும், 1949-இன் சொற்களை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றும் கூறிவிட்டது. விடுதலை வந்த வழி வேறு. மனநோயால் பொறுப்புணர்வு குறைந்திருந்தார் என்னும் புதிய மருத்துவச் சான்று ஏற்கப்பட்டது. அப்பெண் சிறையிலிருந்து வெளிவந்தது நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அவ்வாயிலின் மேல் எழுதியிருந்த பெயரை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தாண்டு அடித்தவரின் மனத்தைப் பற்றி எவரும் மருத்துவரைக் கேட்கவில்லை. அடிபட்டவரே நோயாளி எனச் சான்று பெற்று வெளியேற வேண்டியதாயிற்று.

நாடாளுமன்றத்தின் வேலை என்று நீதிமன்றம் கூறியதை நாடாளுமன்றம் செய்ய ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2009-இல் இயற்றப்பட்டு 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம் பழைய சினமூட்டல் விதியை அகற்றியது. தன்வசம் இழத்தல் திடீரென்று நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. கொடுந்தாக்குதல் நேரும் என்னும் அச்சத்தையும் ஒரு காரணமாக ஏற்றது. துணைவரின் பாலியல் துரோகம் சினத்திற்குக் காரணம் ஆகாது என்றும் சேர்த்தது. 2015-இல், அடிக்காமலே ஒருவரை ஆட்டிப் படைத்து அடக்கி வைப்பதும் குற்றமாக்கப்பட்டது. பச்சை மிளகாயும் சிரிப்பும் விட்டுவிடுவதாக எழுதிய அம்மடலைச் சட்டம் படிக்கக் கற்றுக்கொள்ள இருபத்தாறு ஆண்டுகள் ஆயின என்று கொள்ளலாம். இருந்தும், 2010-இல் புதிய விதி நடைமுறைக்கு வருமுன் கணவரைக் கொன்று, 2011-இல் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்ற சாலி சாலன் 2019-இல் வெளிவந்ததும் பொறுப்புணர்வு குறைந்திருந்தார் என்னும் அதே வாயில் வழியாகத்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜூரி நம்மிடமும் இருந்தது. 1959-இல் பம்பாயில், மனைவியின் காதலரைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி நானாவதி குற்றவாளி அல்லர் என்று ஒன்பது பேர் கொண்ட ஜூரியில் எண்மர் கூறினர். மக்கள் ஆரவாரித்தனர். பத்திரிகைகள் அவரை நாயகனாக்கியிருந்தன. உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி ஆயுள் தண்டனை விதித்தது. 1961-இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. செய்தி அறிந்ததற்கும் சுட்டதற்கும் இடையே சினம் ஆறுவதற்கு மூன்று மணி நேரம் இருந்தது என்று கணக்கிட்டனர். மூன்று மணி நேரம் மிகுதி என்றால் பத்தாண்டு என்ன ஆவது? ஆயினும் அத்தீர்ப்பிலேயே, இறந்தவரின் முந்தைய செயல்கள் உருவாக்கிய மனநிலையையும் கருத்தில் கொள்ளலாம் என்று உச்சநீதிமன்றம் ஒரு வாசகம் எழுதி வைத்தது. பின்னாளில் பயன்பட்ட வாசகம் அது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லாமற் போயிற்று. ‘திடீர்’ என்னும் சொல் போகவில்லை.

கிரண்ஜீத்தின் வழக்கு லூயிஸில் நடந்த அதே 1989-ஆம் ஆண்டில், நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் தாய் ஒருத்தியின் வழக்கு வந்தது. கணவனின் கொடுமை தாளாது குழந்தைகளுடன் கிணற்றில் விழுந்து, தான் மட்டும் பிழைத்துக்கொண்டவள் அவள். திடீர்ச் சினமூட்டல் என்னும் விதிவிலக்கு அவளுக்குப் பொருந்தாது. மாண்டவர்கள் சினமூட்டியவர்களும் அல்லர், ஏதுமறியாக் குழந்தைகள். ஆனால் நீதிமன்றம் அத்துடன் நிற்கவில்லை. தொடர்ந்து வரும் சினமூட்டல் என ஒன்று உண்டு, சட்டம் அதனைப் பெயர் சொல்லிக் குறிக்காவிடினும் நீதிமன்றங்கள் அதனை உணர்ந்து வந்துள்ளன என்று கூறிக் கொலை என்னும் பெயரை நீக்கியது. அத்தீர்ப்பில் நீதிமன்றம் துணைக்கழைத்தது எந்த வெளிநாட்டு அறிஞரையும் அன்று, நம் நல்லதங்காளை. பஞ்சத்தால் அண்ணன் வீடு வந்து, அண்ணியின் கொடுமையால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் வீசித் தானும் மாண்ட அந்தக் கதைப்பாடல் தலைவியின் பெயராலேயே இந்நிலை சட்ட உலகில் இன்று வழங்கப்படுகிறது. நாட்டுப்புறவியல் தாளுக்காக நம் வகுப்பறைகளில் நல்லதங்காளைப் படித்து மதிப்பெண் பெற்றுப் போனோர் எத்தனை பேர்! அக்கதையைப் பாடிய பெயர் தெரியாப் பாவலர்கள், ஒரு பெண்ணின் துயரத்தைக் கிணற்றடியிலிருந்து தொடங்கவில்லை. பஞ்சத்திலிருந்து தொடங்கி, வழிநடையையும் பசித்த பிள்ளைகளையும் அடைத்த கதவையும் காட்டிய பின்னரே கிணற்றுக்கு வந்தனர். கேட்போர் அழுதது அதனால்தான். விசாரணை மன்றங்கள் இன்றும் பெரும்பாலும் கிணற்றடியிலிருந்தே கதை கேட்கின்றன.

கொல்லுவதற்கு உரிமம் கேட்கிறீர்களா என்று எம்மிடம் வினவலாம். இல்லை. எவரையும் தண்டனையின்றி விடுவிக்கும் விதியன்று நாம் வேண்டுவது. கொடுமையின் நீளம், கொடுமைக்கு ஆளானவருக்கு எதிரான சான்றாக மாறக் கூடாது என்பதே நாம் வேண்டுவது. நீதிபதியின் முன் அவ்வரலாறு முழுதாக வைக்கப்பட வேண்டும். அதனைக் கேட்டபின் அவர் கடுந்தண்டனை விதித்தாலும் அது கேட்டு விதித்த தண்டனையாக இருக்கும். அதனினும் முன்னதாக, அந்தத் தாய்வீட்டுச் சமாதானக் கூட்டத்திலேயே அவ்வரலாறு கேட்கப்படுமாயின் பல வழக்குகள் நீதிமன்றத்துக்கே வர வேண்டியிராது.

1860-இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் நீக்கப்பட்டு, 2023-இல் இயற்றிய பாரதிய நியாய சன்ஹிதா 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பழைய 300-ஆம் பிரிவு புதிய சட்டத்தில் 101-ஆம் பிரிவாகியுள்ளது. எண் மாறியிருக்கிறது, அதன் முதல் விதிவிலக்கில், சினமூட்டல் ‘கடுமையாகவும் திடீரென்றும்’ இருக்க வேண்டும் என்று முன்போலவே எழுதியிருக்கிறது.